யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பிள்ளைக்கு முதலில் காட்டுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ‘எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். நெகிழி ஒழிப்பு பற்றி எழுதச் சொன்னால் 40 நோட்டிலும் ஒரே கட்டுரைதான் இருக்கிறது. அடுத்தவரை இணங்க வைக்கும்படி எழுத இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?’

நானும் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியைதான். அந்த 40 நோட்டிலும் என்ன இருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடுவேன். முன்னுரையில் நெகிழி எப்படி வந்தது என்று இரண்டு வரி. பொருளுரையில் மண்வளம், நீர்வளம், ‘ஆடு மாடுகள் தின்று மடிகின்றன’. முடிவுரையில் ‘நெகிழியை ஒழிப்போம், நாட்டைக் காப்போம்’. இதில் தப்பு என்று எதையும் சுழிக்க முடியாது. ஆனால் ‘இதைப் படித்துவிட்டு யார் என்ன செய்யணும்?’ என்று எழுதிய பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், விழிக்கும். திருத்தப்போகிற டீச்சரைத் தவிர அந்தக் கட்டுரையைப் படிக்க ஆளில்லை. டீச்சரோ ஏற்கெனவே நெகிழிக்கு எதிரி. முன்பே ஒத்துக்கொண்டுவிட்ட ஆளிடம் வாதாடச் சொன்னால் யாராக இருந்தாலும் முழக்கம்தான் எழுதுவார்கள்.

அதனால் தலைப்பைக் கொடுக்கும் முன்னால் ஓர் ஆளைக் கொடுங்கள். அந்த ஆள் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் ‘சரி’ என்றால் ஏதோ ஒன்று உண்மையிலேயே மாற வேண்டும். தெருமுனை மளிகைக் கடைக்காரர், நூலகப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், கபடிப் பயிற்சிக்கு அனுப்ப மறுக்கும் அம்மா, தெருவிளக்கு போடாத ஊராட்சித் தலைவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ‘அறிவியல் ஆக்கமா அழிவா’ போன்ற தலைப்பை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் இணங்க வைக்க வேண்டிய ஆளும் இல்லை, இணங்கினால் நடக்கப்போவதும் ஒன்றுமில்லை.

உங்கள் நெகிழித் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் மாலையில் அரைக்கிலோ சீனி வாங்கப் போனால் கேரி பேக்கில்தான் வருகிறது. ஏன்? இந்த ‘ஏன்’ எந்தக் கட்டுரையிலும் இருக்காது. கேட்க வேண்டியதோ அதைத்தான்.

நான் செய்தது இது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, வாய்த்துடுக்கான ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்தேன். இனி அவன்தான் அண்ணாச்சி. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கேரி பேக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். அவன் கடைக்காரராகவே பதில் சொல்ல வேண்டும்.

“அண்ணாச்சி, கேரி பேக் குடுக்காதீங்க. தடை பண்ணியிருக்காங்க.”

“தெரியும்டா. நான் குடுக்கலேன்னா எதுத்த கடையில குடுப்பான். எல்லாரும் அங்க போயிருவாங்க.”

“மண்ணு கெட்டுப்போகும் அண்ணாச்சி.”

“என் யாவாரம் கெட்டுப்போகுதே, அதுக்கு என்ன சொல்ற?”

வகுப்பே வாயடைத்துவிட்டது. மனப்பாடம் செய்த வரி ஒன்றுகூட அவனிடம் எடுபடவில்லை. இந்த இடத்தில் உடனே புகுந்து உதவி செய்யாதீர்கள், கொஞ்சம் தவிக்கட்டும். கடைசியில், காய்கறி வண்டி போடுகிறவரின் மகள் எழுந்தாள். “வேலை முடிஞ்சு வர்றவங்க கையில பை இருக்காது டீச்சர். காலையில போகும்போதே பையைத் தூக்கிட்டா போவாங்க?” என்றாள். அவள் பேசியது கடைக்காரர் பக்கம். ஆனால் அதற்குப் பிறகுதான் வழி திறந்தது. துணிப்பையைக் கடையிலேயே வைத்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்து, பையைத் திருப்பித் தந்தால் காசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றது ஒரு குரல். மாதக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் எதிர்க் கடைக்குப் போக மாட்டார்கள், அவர்களிடம் முதலில் தொடங்கலாம் என்றது இன்னொன்று. பின்வரிசையிலிருந்து வந்ததுதான் எல்லாவற்றிலும் நல்ல யோசனை: “எதுத்த கடைக்கும் இதே கடிதத்தைக் குடுப்போம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல நிறுத்தினா யாருக்கும் நட்டமில்ல.”

அன்றைக்கு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் மறுநாள் எழுதிய கடிதங்களில் ‘ஆடு மாடுகள் மடிகின்றன’ என்ற வரியைத் தேட வேண்டியிருந்தது.

நான் சொல்ல வருவது முழுக்க இந்த நாற்காலியில்தான் இருக்கிறது. எதிரே இருப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதை அவர் வாயால் சொல்வது போலவே சொல்லத் தெரிந்த பிள்ளைதான் இணங்க வைக்கும்படி எழுதும். நடை, சொல்வளம், பழமொழி எல்லாம் அதற்கு அப்புறம்.

இது வெளியிலிருந்து கடன் வாங்கிய முறை இல்லை. நன்னூல் என்ற இலக்கண நூலில் பவணந்தியார் எழுவகை மதம் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. அவற்றில் ஒன்று ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. நாம் பி.எட். காலத்தோடு மூட்டை கட்டி வைத்துவிட்ட இந்த ஒரு வரியை வகுப்பில் பிரித்தாலே போதும். ‘நீங்க சொல்றது நியாயம்தான்’ என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் ‘ஆனால்’ வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். முழு வாக்கியம் என்பதில் கறாராக இருங்கள். ‘உங்களுக்குச் சிரமம் இருந்தாலும்’ என்று அரைச்சொல்லில் தாண்டிப் போவது ஏற்றுக்கொண்டதாகாது. அந்த வாக்கியத்தை அண்ணாச்சியிடம் படித்துக்காட்டினால் ‘ஆமா, அதேதான்’ என்று அவர் தலையாட்ட வேண்டும். அப்படியானால்தான் அடுத்த வரிக்குப் போகலாம்.

மாதிரிக்கு ஏதாவது காட்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் காட்டுவது புறநானூற்றின் 184ஆம் பாட்டு. குடிமக்களை வருத்தி வரி வாங்கக்கூடாது என்று பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் சொல்கிறார். கேட்கிறவர் அரசர், கோபம் வந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். புலவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்று வகுப்பைக் கேளுங்கள். மக்கள் படும் பாட்டிலிருந்து என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாட்டில் அது முதலில் வரவே இல்லை. அவர் ஒரு யானையிலிருந்து தொடங்குகிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ‘மா’ என்ற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாளைக்கு வரும். அதே யானை தானாக உள்ளே புகுந்து தின்றால் நூறு வயல் இருந்தாலும் போதாது, ‘வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்’. இதைக் கேட்டு ‘இல்லை’ என்று எந்த அரசராலும் சொல்ல முடியாது. ஒத்துக்கொண்ட பிறகுதான் வரிக்கு வருகிறார். முறையறிந்து வாங்கினால் உனக்குக் கோடி சேரும், நாடும் செழிக்கும். இல்லாவிட்டால் யானை புகுந்த வயல் போல ‘தானும் உண்ணான், உலகமும் கெடுமே’.

பதினோரு அடிதான். அதில் ‘கொடுமை’ என்ற சொல் இல்லை, ‘இரக்கம் காட்டு’ என்ற வேண்டுதலும் இல்லை. அரசனுக்கு என்ன நட்டம் என்பதை அரசனின் கணக்கிலேயே காட்டுகிறார். இந்தப் பாட்டை ஒரு பாடவேளை முழுக்க நடத்தலாம், மூன்று பாடவேளை நடத்தினாலும் தகும். பிறகு பிள்ளைகளிடம், ‘அண்ணாச்சி மறுக்க முடியாத முதல் வரி எது?’ என்று கேளுங்கள். ‘அண்ணாச்சி, கேரி பேக்கை நீங்க காசு குடுத்துத்தானே வாங்குறீங்க?’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது காரணம். நம் பிள்ளைகளுக்குக் கருத்துச் சொல்லத் தெரியும், காரணம் கேட்டால் அதே கருத்தை வேறு சொல்லில் திருப்பிச் சொல்வார்கள். ‘நூலகப் பாடவேளை வேண்டும், ஏனென்றால் நூலகம் மிகவும் அவசியம்.’ இதற்கு மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவையை, அதாவது ஒன்றை உண்மை என்று நிறுவும் முறையை, பயன்படுத்துகிறேன். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏன், புகை இருப்பதால். எதைப் போல, அடுக்களையைப் போல. மலையில் இருக்கும் நெருப்பை யாரும் பார்க்கவில்லை, புகையைத்தான் பார்க்கிறோம், புகைக்கும் நெருப்புக்கும் என்ன உறவு என்று வீட்டு அடுப்படியில் தினமும் பார்த்திருக்கிறோம். ‘உன் புகை எங்கே?’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டால் போதும், பிள்ளைக்குப் புரியும். எரிவாயு அடுப்பு மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒருமுறை விறகடுப்பை விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

புகையைத் தேட பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே போயாக வேண்டும். ஒரு பேருந்துக் கதை சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் தினமும் தாமதம். காலைப் பேருந்து அவர்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை. போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு எழுதச் சொன்னேன். முதல் மனுவில் ‘இலவச பஸ் பாஸ் என்பதால் ஓட்டுநர் வேண்டுமென்றே நிறுத்தாமல் செல்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். ‘நீ பார்த்தது எது, நினைத்தது எது?’ என்று கேட்டேன். நிற்காமல் போனதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ‘வேண்டுமென்றே’ என்பது அவர்களாக நினைத்துக்கொண்டது.

மூன்று நாள் நேரத்தைக் குறித்து வரச் சொன்னேன். நடத்துநரிடம் மரியாதையாக விசாரித்தும் வரச் சொன்னேன். அவர் சொன்ன பதில் வேறாக இருந்தது. முந்தைய ஊரிலேயே ஆலை வேலைக்குப் போகிறவர்கள் ஏறிப் படி வரை நிறைந்துவிடுகிறது. பிள்ளைகளைப் படியில் தொங்கவிட்டு ஓட்ட ஓட்டுநருக்குப் பயம். அதற்குப் பின்னால் வரும் பேருந்தில் இடம் இருக்கிறது, ஆனால் அது ஊருக்குள் வராமல் விலக்கோடு நேராகப் போய்விடும்.

மனு அப்படியே மாறிவிட்டது. ஓட்டுநர் மீதான குறை போய், ‘எங்களைப் படியில் ஏற்றாமல் விட்டது எங்கள் பாதுகாப்புக்காக என்று இப்போது தெரிந்துகொண்டோம்’ என்ற வரி வந்தது. கோரிக்கையும் ஒன்றே ஒன்று: பின்னால் வரும் பேருந்து பள்ளி நாள்களில் காலை நடையில் மட்டும் ஊருக்குள் வந்து போக வேண்டும். பதில் வந்தது. திருப்பத்தில் சாலை குறுகல், பேருந்தைத் திருப்ப இடமில்லை என்றார்கள். பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்று நினைத்தேன். ‘அப்ப ரோட்டைத்தான் கேக்கணும்’ என்று ஊராட்சிக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மனு ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்கப்பட்டது. வாசித்தது எட்டாம் வகுப்பு மாணவி.

நீங்களும் கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கூடுகிறது. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளும் உண்டு. பாடப்புத்தகத்தில் ‘அனுப்புநர், பெறுநர்’ என்று பழகுவதற்கு நிஜமான பெறுநர் பக்கத்திலேயே இருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆதாரம் வேண்டும் என்று சொன்னவுடன் சில பிள்ளைகள் ‘80 சதவீத மக்கள்’ என்று தாங்களே ஒரு கணக்கைப் போட்டுவிடுவார்கள். அதைச் சின்னப் பிழையாக விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பிழையை நான் மன்னிப்பேன், இதை மன்னிப்பதில்லை. யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்று சொல்ல முடியாத எண்ணை அடித்துவிட்டு, ‘எங்கள் தெருவில் 7 வீட்டில் கேட்டேன், 5 வீட்டில் இப்படிச் சொன்னார்கள்’ என்று எழுதச் சொல்வேன். சின்ன எண்தான். ஆனால் பிள்ளை அதைக் கையில் வைத்திருக்கிறது, யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று பதில் சொல்லும்.

உணர்ச்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் ‘மிகவும் வேதனையாக உள்ளது’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு வேதனை வராது. மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இடப்போன சோழன் கிள்ளிவளவனிடம் கோவூர் கிழார் பேசும் பாட்டு ஒன்று உண்டு, புறநானூறு 46. முதலில், புறாவின் துயரைத் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று அரசனின் பெருமையை நினைவூட்டுகிறார். பிறகு அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும் அழுகையையே மறந்துவிட்ட சின்னப் பிள்ளைகள், மன்றத்தை மிரண்டு பார்க்கிறார்கள். தம்மைக் கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்த்து அழுகையை மறக்கிறார்கள் என்ற அந்த ஒரு காட்சிக்குப் பிறகு அவர் எதையும் வற்புறுத்துவதில்லை. ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’ என்று முடிவை அரசனிடமே விட்டுவிடுகிறார். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் தழுதழுக்கும். ‘வேதனை, அவலம், கொடுமை மூன்றையும் எழுதாமல், உன் கண்ணால் பார்த்த ஒன்றை எழுது’ என்று அப்போது சொன்னால் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தெருவிளக்கு கேட்டு எழுதிய பையன் ஒருவன், ‘எங்க அப்பத்தா ராத்திரி கொல்லைக்குப் போக என்னை எழுப்பும். செல்போன் வெளிச்சத்துல செவுத்தைப் பிடிச்சிக்கிட்டே நடக்கும்’ என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் அந்த மனுவுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

பட்டிமன்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். பிள்ளைகள் பேசப் பழக அது நல்ல மேடை, நானே பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் எழுத்துக்கு அதை மாதிரியாக வைக்காதீர்கள். மேடையில் எதிரணி மனம் மாறி நம் பக்கம் வந்ததாக நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. கைதட்டுவது மூன்றாவது ஆள். ஆகவே எதிரணியை மட்டம் தட்டுவது அங்கே செல்லுபடியாகும். அந்தப் பழக்கத்தோடு மனு எழுதினால், யாரிடம் உதவி கேட்கிறோமோ அவரையே மட்டம் தட்டுவதில் போய் முடியும்.

மொழி நடையில் நான் அதிகம் தலையிடுவதில்லை. முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே எழுதவிடுகிறேன், வாதம் நேராக நின்ற பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் பிள்ளை பயந்து உரைநூல் வரிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வரி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் என்ன ‘ஆவன’ என்று அதற்கு முந்தைய வரியில் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கம்பம், எந்த நடை, எந்த நாள்.

திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்காதீர்கள். நன்னூலின் பத்துக் குற்றங்களில் நாலைந்தை மட்டும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்: மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழந்து முடிவது). ஒருவர் நோட்டை இன்னொருவர் படித்து, இவற்றில் எது இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘உன் மனு சென்று தேஞ்சு இறுதுடா’ என்று எட்டாம் வகுப்புப் பையன் நண்பனிடம் சொல்வதைக் கேட்க வேண்டும் நீங்கள். எழுதச் சிரமப்படும் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வையுங்கள். என் அனுபவத்தில், கூர்மையான மறுப்புகள் அவர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன. அவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதலாம், மனுவில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இது உதவுமா என்று தலைமையாசிரியர் கேட்பார். உதவும். அங்கே கடிதமும் கேட்கிறார்கள், குறிப்புகளைக் கொண்டு கட்டுரையும் கேட்கிறார்கள். சட்டகத்தைப் பத்தாம் வகுப்பில் சில வாரங்களில் பழக்கிவிடலாம். சட்டகத்துக்குள் போடச் சொந்தச் சரக்கு வேண்டுமே, அதை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கியாக வேண்டும்.

அடுத்த வாரமே ஆரம்பிப்பதானால், முதல் பாடவேளைக்கு ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் தினமும் முணுமுணுக்கிற ஒரு விஷயம் இருக்கும். கழிப்பறையில் தண்ணீர் வராததோ, மதியம் மைதானத்தைப் பெரிய வகுப்புகளே பிடித்துக்கொள்வதோ, எதுவானாலும் சரி. அதற்கு ‘சரி’ சொல்லக்கூடியவர் யார் என்று கேட்டு, அவராக நடிக்க ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். இரண்டாம் நாளும் நோட்டு வேண்டாம். மூன்றாம் நாள் அவர்களே நோட்டைத் திறந்துவிடுவார்கள். எழுதி முடித்ததும் தயவுசெய்து மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உறையில் போட்டு, பிள்ளைகள் கையாலேயே உரியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.